விரிசல் விழுந்தது கூட்டில். பிழை இருந்தது வேறிடத்தில்!

1857-ஆம் ஆண்டு இந்தியாவில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சி என்றதும், பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்ற இடத்தில் கிளம்பிய அந்தப் பேச்சு, ஒரு பேரரசையே ஆட்டிப் பார்த்தது. ஆனால், அந்தத் தோட்டா காகிதத்தால் ஆனது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, உள்ளே இருக்கும் மருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்ட வேண்டும். அந்தக் கடியில்தான் மதம் புண்பட்டது.

அடுத்த பத்தே ஆண்டுகளில் காகிதத்தின் இடத்திற்குப் பித்தளை வந்தது. கடிக்க வேண்டியதில்லை, மழையில் மருந்து நனைந்துவிடுமே என்ற அச்சமும் குறைந்தது. சிக்கல் தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் புதிய சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. பித்தளைக் கூடு பிளந்தது, ஒட்டிக்கொண்டது, அறுந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் போன உயிர்கள் பல!

கூட்டின் வேலை என்ன?

தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. முன்னால் ஈயக் குண்டு, நடுவில் மருந்து, அடியில் பொறி கிளப்பும் சிறு மூடி, இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கூடு. துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கொதிக்கும் வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்தில் அடிக்காது. அடுத்த கணமே அது கொஞ்சம் சுருங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளியே எடுக்க வராது.

விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை இதற்கு மிகவும் பொருத்தமானது. பாத்திரம் அடிக்கும் கன்னாருக்கு இந்த உலோகத்தின் குணம் நன்றாகத் தெரியும். தட்டத் தட்டப் பித்தளை இறுகும். இறுகிய பிறகும் தட்டினால் விரிசல் விடும். அதனால் இடையிடையே நெருப்பில் காட்டி இளக்குவார்கள். தோட்டாக் கூடு செய்யும் ஆலையிலும் நடப்பது இதுதான். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தைக் குழாயாக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே சூடேற்றி இளக்குகிறார்கள்.

கொன்றது எதிரியா, கூடா?

தொடக்கத்தில் கூடு இப்படி ஒரே துண்டாக இல்லை. பிரிட்டனில் வூல்விச் ஆயுதச் சாலையைச் சேர்ந்த எட்வர்ட் பாக்ஸர் 1866-இல் அமைத்த தோட்டாவில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அமெரிக்கப் படையோ செம்புக் கூட்டைப் பயன்படுத்தியது. மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே பருமனில், நேரான சுவரோடு அமைந்த கூடு அது.

1876 ஜூன் 25-ஆம் நாள், அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் கஸ்டர் என்ற தளபதியும் அவரோடு நின்ற 200க்கும் மேற்பட்டவர்களும் செவ்விந்திய வீரர்களிடம் மாண்டார்கள். அதே போரில் வேறொரு முனையில் உயிர் தப்பிய மேஜர் ரீனோ, தம் படையின் 380 துப்பாக்கிகளில் ஆறு பயனற்றுப் போயின என்று அறிக்கை அனுப்பினார். சுட்ட கூடு அறைக்குள் ஒட்டிக்கொள்ள, இழுப்பான் அதன் விளிம்பை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்ததாம். தோல் வாரில் செருகி வைத்திருந்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

கஸ்டரின் தோல்விக்குக் கூடுதான் காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 1984-லும் 1985-லும் அந்தப் போர்க்களத்தைத் தோண்டி ஆராய்ந்தபோது, கத்தியால் நெம்பி எடுத்த தடம் மிகச் சில கூடுகளில்தான் இருந்தது. தோல்விக்கு அது முதன்மைக் காரணம் அல்ல என்பது தெளிவாயிற்று. ஆனாலும், எதிரி நெருங்கி வரும்போது கத்தியை எடுத்துக் கூட்டை நெம்பிக்கொண்டிருந்த அந்தச் சிலருக்கு அதுவே எல்லாமாக இருந்திருக்கும் அல்லவா?

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1885 ஜனவரி 17-இல், சூடானின் அபு க்லியா பாலைவனத்தில் பிரிட்டிஷ் படைக்கும் இதே கதி நேர்ந்தது. மணலும் வெப்பமும் சேர்ந்தபோது, சுருட்டிய தகட்டுக் கூடுகள் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்குள் சிக்கிக் கிழிந்தன. அதன் பிறகே ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூடு பிரிட்டிஷ் படைக்கு வந்தது. மணலைக் குறை சொன்னவர்கள் உண்டு. சிப்பாயின் கவனக்குறைவு என்றவர்களும் உண்டு. குறை இருந்ததோ கூட்டின் அமைப்பில்!

மழைக்காலமும் குதிரை லாயமும்

ஒரே துண்டுக் கூடு வந்த பிறகாவது நிம்மதி கிடைத்ததா? இல்லை. இந்தியாவில் புதிய புதிர் ஒன்று முளைத்தது. மழைக்காலம் முடிந்து தோட்டாப் பெட்டிகளைத் திறந்தால், ஒரு முறைகூடச் சுடாத கூடுகளில் விரிசல்! அதுவும் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில். இதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வந்துவிட்டது. பழி மழையின் மீது விழுந்தது.

விடை 1921-இல் கிடைத்தது. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். விரிசலுக்கு மூல காரணம் அமோனியா. மழைக்காலத்தில் படைகள் அடங்கிக் கிடக்கும். தோட்டாப் பெட்டிகள் குதிரை லாயங்களில் அடுக்கப்பட்டிருக்கும். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக் காற்றோடு கலந்து பித்தளையைத் தாக்கியது.

ஆனால், அமோனியா மட்டும் போதாது. கூட்டை இழுத்து, அழுத்தி, குண்டை இறுக்கிய போது பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இறுக்கம் இருக்கும் இடத்தில்தான் அமோனியா வேலையைக் காட்டும். இறுக்கம், அமோனியா, ஈரம் மூன்றும் கூடினால் விரிசல். ஒன்று விலகினாலும் கூடு பிழைத்துக்கொள்ளும். ஆகவே, செய்து முடித்த பித்தளையை மிதமாகச் சூடாக்கி, உள்ளிறுக்கத்தைத் தணித்தாலே போதும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இதற்கிடையே அமெரிக்கப் படை வேறொரு பாடம் படித்திருந்தது. பயிற்சிக்குச் சுட்ட கூடுகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது அங்கே வழக்கம். 1890களில் புகையில்லா மருந்து வந்தபின், மறுமுறை நிரப்பிய கூடுகள் மண் ஓடு போல் உடையத் தொடங்கின. புதிய மருந்தைச் சந்தேகித்தார்கள். குற்றவாளி அடி மூடியில் இருந்த பாதரசம்! பழைய கரிமருந்து விட்டுச்சென்ற புகைக்கசடு பாதரசத்தைத் தன்னோடு வாரிக்கொண்டது. கசடு குறைந்ததும், பாதரசம் நேரே பித்தளையில் ஊறி அதை நொறுங்க வைத்தது.

மேக்னம் காலம்

20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாடங்கள் படை முகாமிலிருந்து வேட்டைக்காரர்களின் பட்டறைக்கு வந்தன. அமெரிக்காவின் எல்மர் கீத் அவர்களில் புகழ்பெற்றவர். 1925-இல் அவர் சுட்ட ரிவால்வர் ஒன்று கையிலேயே வெடித்துப் பிளந்தது. அந்தக் காலத்துக் கூடுகள் சிலவற்றின் அடிப்பகுதி உள்ளே குடைவாக, மெல்லிய சுவரோடு இருந்தது. வலிமையான மருந்தை அது தாங்காது. பின்னர் அடிப்பகுதி கனமாக அமைந்தது. மேக்னம் தோட்டாக்களும் பிறந்தன.

1935-இல் .357 மேக்னம், 1955-இல் .44 மேக்னம். இரண்டும் நேர்ச்சுவர்க் கூடுகள்தாம். .357 கூட்டைப் பழைய .38 ஸ்பெஷல் கூட்டைவிட மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள். பழைய, வலுக் குறைந்த ரிவால்வரில் தவறியும் இது நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்!

இன்று கூட்டை மீண்டும் நிரப்புவோர் விரிசலைப் பார்த்ததும் முதலில் கேட்பது, 'எங்கே?' என்பதுதான். வாயில் நெடுக்காக ஓடினால், விரிந்தும் சுருங்கியும் பித்தளை இறுகி மூப்படைந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூடு குப்பைக்குப் போக வேண்டியதுதான். அடிப்பகுதிக்குச் சற்று மேலே வளையம் போல் கோடு தெரிந்தால், அது பேராபத்து. கூடு இரண்டாக அறுந்துபோகப் போகிறது. மூடி தானாகக் கழன்று விழுந்தால், அழுத்தம் எல்லை மீறியிருக்கிறது. சுடாத கூட்டிலேயே விரிசல் என்றால், அதை வைத்திருந்த இடத்தையும், துடைத்த திரவத்தையும் விசாரிக்க வேண்டும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் இன்றும் பித்தளைக்குப் பகைதான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டா என்பது சட்டத்தின் கடும் பிடிக்குள் இருக்கும் பொருள். உரிமம் இல்லாதவர் அதைத் தொடவே முடியாது. ஆனால், இந்த வரலாறு சமையலறை வரைக்கும் வருகிறது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் பித்தளை முடுக்கு ஒரு நாள் காரணமின்றிப் பிளந்தால், அதற்குப் பின்னாலும் அதே உள்ளிறுக்கமும் அமோனியாவும் இருக்கக்கூடும்.

மணல், மழை, மருந்து, சிப்பாயின் கை என்று கடைசியாகக் கண்ணில் பட்டதன் மீதே ஒவ்வொரு முறையும் பழி விழுந்தது. உண்மையான காரணமோ, பல மாதங்களுக்கு முன் ஓர் ஆலையிலோ, ஒரு குதிரை லாயத்திலோ தொடங்கியிருந்தது. யாரோ ஒருவர் உடைந்த கூட்டைத் தூக்கி எறியாமல், அது எங்கே உடைந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்த பிறகுதான் அடுத்த சிப்பாயின் உயிர் பிழைத்தது.