ஐந்தாம் பரிமாணமும் ஈர்ப்பின் சான்றும்

ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே விதியில் அடக்கும் முயற்சியாக, கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தியோடர் கலூசா 1919இல் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். வெளியின் மூன்று பரிமாணங்களோடும் காலத்தோடும் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால், பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்குள்ளேயே மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளும் அடங்கிவிடுகின்றன என்று அது காட்டியது. ஐன்ஸ்டைனின் தயக்கத்தால் அது 1921இல்தான் அச்சேறியது. அந்தப் பரிமாணம் அணுக்கருவைவிடக் கோடானுகோடி மடங்கு சிறிய வட்டமாகச் சுருண்டிருப்பதாலேயே புலப்படவில்லை என்று, 1926இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் கிளைன் விளக்கினார்.

அறிவுக்கு இசைந்த இக்கருத்து ஆய்வுக்கு எட்டாததாகவே நெடுங்காலம் இருந்தது. அதைச் சோதிக்கும் வழிகளுள் ஒன்று லாரன்ட்ஸ் சமச்சீர்மையின் வாயிலாகத் திறந்தது. ஆய்வுக்கூடம் எத்திசையில் திரும்பியிருந்தாலும், எந்தச் சீரான வேகத்தில் சென்றாலும் இயற்கை விதிகள் மாறுவதில்லை என்பதே அச்சமச்சீர்மை. துகள்களை அதிரும் நுண்சரங்களாகக் கருதும் சரக் கோட்பாட்டுக்குப் பத்துப் பரிமாணங்கள் தேவை. அவற்றுள் ஆறு சுருண்டு நான்கு மட்டும் விரிந்திருக்குமானால், பத்துக்கும் பொதுவான சமச்சீர்மை முறிந்தே ஆகவேண்டும். அம்முறிவு நாம் வாழும் நான்கு பரிமாணங்களையும் தொடக்கூடும் என்பதை 1989இல் ஆலன் கோஸ்டெலெட்ஸ்கியும் ஸ்டூவர்ட் சாமுவேலும் எடுத்துக்காட்டினர். எத்திசையையும் தனித்துச் சுட்டாத விதிகளுக்கு உட்பட்டே, குளிரும் இரும்பு ஒரு காந்தத் திசையை ஏற்பதுபோல, விதிகள் சமச்சீராக இருக்கையிலேயே வெற்றிடம் ஒரு திசையை ஏற்கலாம் என்பது அவர்களுடைய வாதம்.

பொருளும் ஒளியும் நான்கு பரிமாணச் சவ்வு ஒன்றில் ஒட்டியிருக்க, ஈர்ப்பு மட்டும் மற்றப் பரிமாணங்களிலும் பரவுகிறது என்னும் கோட்பாடுகள் 1998 முதல் வலுப்பெற்றன. கூடுதல் பரிமாணத்தில் காலமும் வெளியும் வெவ்வேறு அளவில் வளையுமானால், ஈர்ப்பலை குறுக்குவழியில் ஒளியை முந்தக்கூடும் என்றும், சவ்வில் இருப்போருக்கு அது லாரன்ட்ஸ் சமச்சீர்மையின் முறிவாகத் தோன்றும் என்றும் சாக்கி, எர்லிக், குரோழான் ஆகியோர் கணித்தனர்.

2017 ஆகஸ்ட் 17 அன்று, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைக்கு 1.7 விநாடி பின்னர் காமா கதிர்கள் வந்துசேர்ந்தன. ஈர்ப்பலையின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்று இதிலிருந்து மதிப்பிடப்பட்டது. சியாட்டிலில் முறுக்குத் தராசு கொண்டு நடத்திய ஆய்வில், கூடுதல் பரிமாணங்களில் ஈர்ப்பு பரவினால் சிறு தொலைவில் பிசகக்கூடிய நியூட்டனின் ஈர்ப்பு விதி, 52 மைக்ரோமீட்டர் இடைவெளியிலும் பிசகவில்லை என்பது 2020இல் உறுதியானது. இம்முடிவுகள் கூடுதல் பரிமாணங்களை மறுத்துவிடவில்லை. எனினும் அவற்றைப் பற்றிய எந்தக் கோட்பாடும் இனி கணித அழகை மட்டும் காட்டி நிலைபெற முடியாது, ஈர்ப்பின் அளவீடுகளுக்கும் விடைசொல்லியே ஆகவேண்டும்.