பந்து கோட்டைத் தாண்டியதா?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 டிசம்பர் 18. கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி முடிந்த இரவு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போர் மூண்டது. தங்கை மகன் மெஸ்ஸி கட்சி, என் மருமகன் எம்பாப்பே கட்சி. அர்ஜென்டினாவின் மூன்றாவது கோல் விழுந்தபோது அவர்களுடைய மாற்று ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டார்கள், அந்த கோல் செல்லாது என்றார் மருமகன். சில நாள் கழித்து நடுவர் மார்சினியாக் செய்தியாளர்களிடம் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எம்பாப்பே கோல் போட்டபோது பிரான்சின் மாற்று ஆட்டக்காரர்கள் ஏழு பேர் உள்ளே நிற்கிறார்கள்! தங்கை மகன் அந்தச் செய்தியைக் குழுவில் போட்டதும் மருமகன் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். பொங்கலுக்கு நேரில் வந்தபோதுதான் சமாதானம் ஆனது.

"இப்படி ஓர் அநியாயம் எந்த இறுதிப் போட்டியிலும் நடந்ததில்லை" என்பது அவர் கடைசியாக எழுதியது. நடந்திருக்கிறது மாப்பிள்ளை. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

1966 ஜூலை 30, லண்டன் வெம்பிளி மைதானம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய இறுதிப் போட்டி. போர் முடிந்து 21 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கூட்டத்தில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நடுவர் சுவிட்சர்லாந்தின் காட்ஃபிரீட் டீன்ஸ்ட்.

ஜெர்மனியின் ஹாலர் 12-ஆவது நிமிடத்தில் முதல் கோல் போட்டார். 18-இல் ஜெஃப் ஹர்ஸ்ட் சமன் செய்தார். 78-இல் பீட்டர்ஸ் அடித்த கோலால் இங்கிலாந்து முந்தியது. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், 89-ஆவது நிமிடத்தில் வெபர் ஒரு கோல் போட்டு 2-2 ஆக்கிவிட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

101-ஆவது நிமிடம். ஹர்ஸ்ட் திரும்பி அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, நேராகக் கீழே விழுந்து, துள்ளி வெளியே வந்தது. வெபர் அதைத் தலையால் முட்டி வெளியே தள்ளிவிட்டார். கோலா, இல்லையா? பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல் என்பது விதி. கொஞ்சம் கோட்டின் மேல் நின்றாலும் கோல் இல்லை.

டீன்ஸ்டுக்குத் தெரியவில்லை. பக்கக் கோட்டில் கொடியுடன் நின்ற லைன்ஸ்மேனிடம் ஓடினார். அவர் பெயர் தோஃபிக் பஹ்ராமோவ். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. தலையசைப்பிலும் சைகையிலுமே பேச்சு முடிந்தது. கோல் என்று தீர்ப்பு. கடைசி நிமிடத்தில் ஹர்ஸ்ட் இன்னொன்றும் அடிக்க, 4-2 என்று இங்கிலாந்து வென்றது.

அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. கம்பத்தில் பட்டுக் கோட்டருகே விழும் பந்துக்கு ஜெர்மானியர்கள் இன்றும் 'வெம்பிளி கோல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்களின் பதில் என்ன? பக்கத்தில் நின்ற ரோஜர் ஹண்ட் பந்தைத் தட்டிவிடப் போகாமல் கையைத் தூக்கிக் கொண்டாடினாரே, கோல் இல்லையென்றால் அப்படிச் செய்வாரா என்பார்கள். 1990-களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் பழைய படச்சுருளைக் கணினியில் அளந்து பார்த்தார்கள். பந்து முழுவதும் உள்ளே போக இன்னும் குறைந்தது 6 சென்டிமீட்டர் பாக்கி இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் ஜெர்மனி ஏமாற்றப்பட்டதா? அவசரப்படாதீர்கள். வெபர் போட்ட அந்த 89-ஆவது நிமிட கோலைப் பாருங்கள். அதற்குக் காரணமான ஃப்ரீ கிக்கே தவறு, ஜாக் சார்ல்டன் எந்தப் பிழையும் செய்யவில்லை என்பது ஆங்கிலேயர்களின் குறை. வழியில் பந்து ஷ்னெல்லிங்கரின் கையில் பட்டது என்று அவர்கள் சொல்ல, முதுகில் பட்டது என்று ஜெர்மானியர்கள் சொல்கிறார்கள். நான்காவது கோலின்போது ஆட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். மைதானத்துக்குள் கூடுதல் ஆட்கள் என்ற சண்டை 2022-க்கு முன்பே இருந்தது மாப்பிள்ளை!

ஆட்டக்காரர்களைப் பற்றிய வாதமும் குறைவில்லை. பாபி சார்ல்டனும் 20 வயது பெக்கன்பாவரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தே 120 நிமிடத்தையும் ஓட்டினார்கள். இருவரும் சோபிக்கவில்லை என்பார் சிலர், அதுவே அவர்களின் வெற்றி என்பார் சிலர். இங்கிலாந்தின் பெரிய கோல் வீரர் ஜிம்மி கிரீவ்ஸ், பிரான்சுடன் ஆடியபோது காலில் காயம்பட்டு வெளியே போனவர். குணமான பிறகும் பயிற்சியாளர் ராம்சே அவரைச் சேர்க்கவில்லை. அவர் இடத்தில் ஆடிய ஹர்ஸ்ட் இறுதிப் போட்டியில் மூன்று கோல் போட்டார். 2022-இல் எம்பாப்பே போடும்வரை ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. அந்தக் காலத்தில் இறுதியில் ஆடிய 11 பேருக்குத்தான் பதக்கம். கிரீவ்ஸ் கையில் பதக்கம் வந்தது 2009-இல்.

பஹ்ராமோவுக்கு என்ன ஆனது? ஆங்கிலேயர்கள் அவரை 'ரஷ்ய லைன்ஸ்மேன்' என்றே சொல்லி வந்தார்கள். அவர் அசர்பைஜான்காரர். சாகும்போது ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு 'ஸ்டாலின்கிராட்' என்றாராம். சுவையான கதைதான், ஆனால் ஆதாரம் கிடையாது. வரலாறு படிப்பவர்கள் 'றாராம்' என்று முடியும் வாக்கியத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? பந்து வலையில் பட்டுத் திரும்பியதாகவே நினைத்தேன் என்று அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பாகு நகர மைதானத்துக்கு இன்று அவர் பெயர். 2004-இல் அங்கே அவருக்குச் சிலை திறந்தபோது ஹர்ஸ்ட்டே நேரில் போனார்.

2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவில் அதே இரு நாடுகள். இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. கோல் கிடைக்கவில்லை, ஜெர்மனி 4-1 என்று வென்றது. 1966-க்குக் கணக்குத் தீர்ந்தது என்று அங்கே மகிழ்ந்தார்கள். அதன் பிறகுதான் கோட்டைக் கண்காணிக்கும் தொழில்நுட்பத்துக்கு 2012-இல் அனுமதி கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கதையில் எனக்குப் படுவது இதுதான். ஒவ்வொரு நாடும் தனக்கு எதிராகப் போன தீர்ப்பை மட்டும் பேரப்பிள்ளைகள் வரை சொல்லி வைத்திருக்கிறது. தனக்குச் சாதகமாக விழுந்ததை மறந்துவிடுகிறது. இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை.

1980-களின் கடைசியில் ஒரு குறுவட்டப் போட்டி. நம் பள்ளிதான் இறுதியில் ஆடியது. ஆள் இல்லை என்று என் கையில் கொடியைக் கொடுத்தார்கள். நம் பையன் ஒருவன் அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. நடுவர் என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் நாலைந்து பையன்கள் மறைத்து நின்றார்கள், நான் பார்க்கவே இல்லை. கோல் என்று சொன்னால், சொந்தப் பள்ளிக்குச் சாதகம் செய்தார் என்பார்களே என்று பயந்து, இல்லை என்று தலையாட்டிவிட்டேன். ஒரு கோலில் தோற்றோம். அவன் அன்று ஊர் வரும்வரை பேருந்தில் என்னிடம் பேசவில்லை. நானும் நேர்மையாக நடந்துகொண்டதாகவே பல வருடம் நினைத்திருந்தேன்.

பஹ்ராமோவ் தான் பார்த்ததாக நம்பியதைச் சொன்னார். நான் பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. "தெரியவில்லை சார்" என்று சொல்லும் பிள்ளையை மேசைமேல் ஏற்றி நிற்கவைத்தவன் நான். எனக்கு அன்று அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

அந்த மாணவர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று நினைக்கிறேன். தம்பி, அது கோலா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

மாப்பிள்ளை, குழுவில் மறுபடி சேர்த்துவிட்டிருக்கிறேன். அடுத்த இறுதிப் போட்டிக்காவது வெளியேறாமல் இருங்கள்.