அப்பா கையெழுத்து எங்கே?

நான் பி.காம். படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனாலும் இந்தச் சட்டக் கதையை எழுதியே ஆகவேண்டும். இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

2005. வேலைக்குச் சேர்ந்த புதிது, மகாராஷ்டிராவில் ஒரு கிளை. தமிழ்க்கார அம்மா ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் பெயரில் கணக்கு தொடங்க வேண்டுமாம். கணவரைப் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"அப்பா கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா" என்றேன்.

"அவரு எங்க இருக்காருன்னே தெரியல தம்பி" என்றவர், வேறெதுவும் பேசாமல் போய்விட்டார். நம்ம ஊர்க்காரர் கவுன்டரில் இருக்கிறாரே என்று நம்பி வந்தவர்.

நான் சொன்னது தப்பு என்று புரியச் சில வருஷம் ஆனது. அந்தத் தப்பின் வேர் ரொம்பப் பழையது.

1890-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த காப்பாளர் சட்டத்தில், தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று கோர்ட் சொல்லாதவரை, பிள்ளைக்கு வேறு காப்பாளரை நியமிக்க முடியாது. அம்மாவும் அந்த 'வேறு' ஆளில் அடக்கம்!

விவாகரத்தும் அப்போது எளிதில்லை. இந்துக்களுக்கு நம் சென்னை மாகாணம் 1949-லேயே ஒரு விவாகரத்துச் சட்டம் போட்டது. இந்தியா முழுமைக்கும் வந்தது 1955-ல். 'நாங்கள் இரண்டு பேரும் மனமொத்துப் பிரிகிறோம்' என்று சேர்ந்து மனுப்போட 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லித்தான் வெளியே வர முடியும். நடுவில் நிற்கும் பிள்ளை என்ன பாடுபட்டிருக்கும்!

பிள்ளைகளுக்கென்று 1956-ல் வந்த இந்து மைனர் சட்டம், ஐந்து வயது வரை குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்கட்டும் என்றது. ஆனால் இயற்கைக் காப்பாளர் யார் என்றால், "தகப்பன், அவருக்குப் பின் தாய்". வங்கிப் பாஷையில் சொன்னால், வளர்க்கும் வேலை அம்மாவுக்கு, கையெழுத்து அதிகாரம் அப்பாவுக்கு. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே முதன்மை என்றும் சொல்கிறது.

இந்த 'பின்' என்ற ஒரு சொல்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதுவும் ஒரு வங்கிப் படிவத்தால்!

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1984 டிசம்பரில் அவரும் கணவரும் மகன் பெயரில் 9 சதவீத ரிலீஃப் பாண்டு வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார்கள். இருவரும் பேசி, அம்மாவே காப்பாளராகக் கையெழுத்துப் போட்டார். தகப்பன் கையெழுத்தோ, காப்பாளர் சான்றிதழோ வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். கூடவே வந்தனா சிவாவின் மனுவும் விசாரிக்கப்பட்டது. விவாகரத்து வழக்கு நடக்கையில், தான் மட்டுமே இயற்கைக் காப்பாளர் என்று கணவர் சொன்னதை எதிர்த்த மனு அது.

1999 பிப்ரவரியில் தீர்ப்பு. 'பின்' என்றால் தகப்பன் இறந்த பிறகு என்று அர்த்தமில்லை, 'அவர் இல்லாத நிலையில்' என்று அர்த்தம். அவர் அக்கறையே காட்டாமல் இருந்தாலும், எங்கோ தொலைவில் இருந்தாலும், இருவரும் பேசி அம்மாவிடம் பொறுப்பை விட்டிருந்தாலும், அம்மாவே காப்பாளர். ரிசர்வ் வங்கியும் இதற்கேற்ப நடைமுறையை வகுக்க வேண்டும்.

ஆக, 2005-ல் அந்த அம்மாவை நான் திருப்பி அனுப்பியபோது, தீர்ப்பு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சுற்றறிக்கையைத் தேடிப் படிக்காதது என் சோம்பல்.

அதன் பிறகும் சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. 2010-ல் 1890 சட்டத்தில் 'தகப்பன்' என்ற இடத்தில் 'தகப்பனோ தாயோ' என்று சேர்த்தார்கள். 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில், தாய் தகப்பன் இருவரையும் சமமாக வைக்கவும், கூட்டாக வளர்க்கும் உரிமைக்கும் பரிந்துரைத்தது.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு முக்கியமானது 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றோர் வெவ்வேறு மாநிலத்தில் இருந்தாலும் பிள்ளைக்கு இருவர் அன்பும் வேண்டும், போனிலோ வீடியோவிலோ பேச வழிசெய்ய வேண்டும் என்றது. அப்பா சென்னையில், அம்மா புனேயில் என்று இருக்கும் குடும்பங்கள் எனக்கே இரண்டு மூன்று தெரியும். "பையன்கிட்ட பேசவே விடமாட்டேங்கறா" என்று புலம்பும் அப்பாக்களுக்கும் அதில் வழி இருக்கிறது.

பிரிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, லீவு நாட்கள்... யார் எதைப் பார்ப்பது என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். கோபம் ஆறும்வரை காத்திருந்தால் பிள்ளை வளர்ந்துவிடும்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அன்று அவன் அம்மாவுக்கு நான் கொடுக்காத படிவத்தை, இன்று அதே கேள்வியோடு வரும் அம்மாக்களுக்கு நானே உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுக்கிறேன்.