பெருங்கொள்ளளவு இசை இயக்கி

ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் இசைத்தொகுப்பு முழுவதையும் கையோடு எடுத்துச்செல்லும் அளவுக்குச் சேமிப்பிடம் உள்ள கையடக்க டிஜிட்டல் பிளேயரே பெருங்கொள்ளளவு இசை இயக்கி. ‘பெரிது’ என்பதன் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2000இல் 5 ஜிபி பெரிது. 2009இல் 160 ஜிபி. இன்று விரல்நுனியளவு அட்டை ஒன்றே 1 டிபி கொள்கிறது. சொந்த சிடிக்கள், கச்சேரிப் பதிவுகள், எங்கும் மறுபடி கிடைக்காத பழைய ஒலிநாடாப் பிரதிகள் ஆகியவற்றைப் பேணுவோருக்கு இக்கருவி இன்றும் தேவைப்படுகிறது. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட ஜிபி எண்ணைவிட, அந்தச் சேமிப்பு எப்படிப்பட்டது, கருவி அதை எப்படிப் படிக்கிறது, பழுதானால் மாற்ற முடியுமா என்பவையே முக்கியம். இதற்கான காரணம் இக்கருவி உருவான வரலாற்றில் இருக்கிறது.

தோற்றம்

1998இல் தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் கொண்டுவந்த எம்பிமேன் எஃப்10தான் கடைக்கு வந்த முதல் எம்பி3 பிளேயர். அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் ரியோ பிஎம்பி300ஐ வெளியிட்டது. இரண்டிலும் 32 எம்பி ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய அரைமணி நேரப் பாட்டுக்குத்தான் அதில் இடம். வேறு பாட்டு கேட்க வேண்டுமானால் கணினியோடு இணைத்து, இருப்பதை அழித்து, புதியதை ஏற்ற வேண்டும். ரியோவைத் தடுக்க அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1999இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் டயமண்ட் பக்கம் தீர்ப்பளித்தது. தன்னிடம் உள்ள பாட்டைத் தன் கருவிக்கு மாற்றிக்கொள்வது சொந்தப் பயன்பாடே என்று அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பெரிய சேமிப்புள்ள பிளேயர்களுக்கு வழி திறந்தது இத்தீர்ப்பினால்தான்.

அந்நாளில் ஃபிளாஷ் நினைவகத்தின் விலை மிக அதிகம். வன்தட்டில் ஒரு எம்பிக்கு ஆகும் செலவு அதனோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. காம்பேக் நிறுவனம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆய்வகத்தில் 1998இலேயே ஒரு சிறு குழு மடிக்கணினி வன்தட்டைப் பிளேயருக்குள் வைக்கும் வேலையைத் தொடங்கியது. அந்த வடிவமைப்பின்படி கொரியாவின் ஹாங்கோ நிறுவனம் தயாரித்த ‘பெர்சனல் ஜூக்பாக்ஸ்’ 1999 இறுதியில் விற்பனைக்கு வந்தது. 2.5 அங்குல வன்தட்டு, 5 ஜிபிக்குச் சற்றுக் குறைந்த இடம், சுமார் நூறு சிடிக்களின் இசை. பல வரலாறுகள் ஐபாடிலிருந்து தொடங்குகின்றன. தொடங்க வேண்டிய இடம் இது.

2000இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 ஜிபி நோமாட் ஜூக்பாக்ஸைக் கொண்டுவந்தது. சட்டைப்பையில் அடங்காத, கையடக்க சிடி பிளேயரின் வட்ட வடிவம். எடை ஏறக்குறைய 400 கிராம். மடிக்கணினி வன்தட்டின் அளவும் அதைச் சுழற்றத் தேவையான மின்கலங்களும் சேர்ந்து கருவியின் உருவத்தைத் தீர்மானித்தன. அதே ஆண்டின் இறுதியில் பிரான்சின் ஆர்கோஸ் நிறுவனமும் 6 ஜிபி ஜூக்பாக்ஸை விற்றது. அதன் மென்பொருளில் நிறைவடையாத சுவீடன் நிரலாளர்கள் சிலர் 2001இல் தாங்களே எழுதத் தொடங்கிய மாற்று மென்பொருள்தான் ராக்பாக்ஸ். தயாரித்தவர்கள் கைவிட்ட எத்தனையோ பிளேயர்களுக்கு அது மறுவாழ்வு தந்திருக்கிறது.

உருவத்தைச் சுருக்கியது தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டு. 5 ஜிபி கொண்ட அதன் தடிமன் 5 மி.மீ. மட்டுமே. 2001 தொடக்கத்தில் ஜப்பான் சென்ற ஆப்பிளின் வன்பொருள் தலைவர் ஜான் ரூபின்ஸ்டைன் அதைக் கண்டார். பொறியாளர் டோனி ஃபடெல் தலைமையில் வேலை விரைந்து நடந்து, அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று ஐபாட் அறிமுகமாயிற்று. விலை 399 டாலர்; ஆயிரம் பாட்டுகள் என்பது விளம்பரம். 4 நிமிடப் பாட்டை 160 கேபிபிஎஸ் தரத்தில் வைத்தால் 4.8 எம்பி ஆகும், எனவே அந்தக் கணக்கு சரிதான். கொள்ளளவில் நோமாடைவிட ஐபாட் சிறியது என்பது கவனிக்கத்தக்கது. அதன் பலம் வேறு: நோமாட் யூஎஸ்பி 1.1 வழியே நொடிக்கு 1 எம்பி அளவில் பாட்டு ஏற்ற, 5 ஜிபியை நிரப்ப ஒன்றரை மணி நேரம்போல ஆகும். ஐபாடின் ஃபயர்வயர் இணைப்பு அதைப் பத்து நிமிடத்தில் முடித்தது. நிரப்புவது எளிதாக இல்லாத கொள்ளளவு பயன்படாத கொள்ளளவே.

அதன்பின் ஆண்டுதோறும் எண்கள் ஏறின. கிரியேட்டிவின் ஜென் எக்ஸ்ட்ரா 60 ஜிபியை எட்டியது. ஐரிவர் நிறுவனத்தின் எச்120, எச்140 கருவிகளை எந்தக் கணினியிலும் சாதாரண வட்டாகத் திறந்து கோப்புகளை இழுத்துப் போடலாம். ஒளியிழை வழியே பதிவும் செய்யலாம். பாட்டுப் பட்டியலை அடுக்கடுக்காகத் திறந்து தேடும் முறைக்கு கிரியேட்டிவ் 2005இல் காப்புரிமை பெற, மறு ஆண்டு ஆப்பிள் அதற்கு 10 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஐபாட் கிளாசிக் 2007இல் 160 ஜிபியைத் தொட்டது. அதன் கடைசி வடிவம் 2009 முதல் 2014 செப்டம்பர் வரை விற்பனையில் இருந்தது. அதற்கான உதிரிபாகங்கள் உலகில் எங்கும் கிடைக்கவில்லை என்று ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் காரணம் சொன்னார்.

வட்டு இயங்கும் விதம்

இந்தத் தலைமுறை வன்தட்டுப் பிளேயரைக் காதோடு வைத்தால் இன்றும் ஒன்று கேட்கும். பாட்டைத் தொடங்கியதும் மெல்லிய உறுமலோடு வட்டு சுழல்கிறது. சில நொடிகள் படிக்கிறது. சன்னமான ஒரு சொடுக்கோடு நின்றுவிடுகிறது. பாட்டு மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து வரவிருக்கும் பாட்டுகளைக் கருவி மொத்தமாக இடைநினைவகத்துக்குள் வாரிக்கொண்டு வட்டை உறங்கவிடுகிறது. முதல் ஐபாடில் இந்த இடைநினைவகம் 32 எம்பி. இருபது நிமிடத்துக்குக் குறையாத இசை அதில் நிற்கும். பத்து மணி நேர மின்கல ஆயுள் கிடைத்ததும், நடக்கும்போது பாட்டு தடுக்காமல் இருந்ததும் இதனால்தான்.

சுருக்கப்படாத சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி பிடிக்கும். அதை இதே கருவியில் ஓட்டினால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வட்டு விழித்தாக வேண்டும். மின்கலமும் அதற்கேற்ப வேகமாகத் தீரும். பழைய வன்தட்டுப் பிளேயரை வாங்குபவர் கோப்பு வடிவத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கொள்ளளவுக் கணக்கு

வாங்குமுன் தன் தொகுப்பை அளந்துகொள்வது முதல் வேலை. 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி. இழப்பில்லாத ஃபிளாக் வடிவில் சிடித் தரம் நிமிடத்துக்கு 6 எம்பியை ஒட்டி வரும். ஐம்பது நிமிட இசைத்தட்டுகள் ஆயிரம் இருந்தால் முதல் வகையில் 120 ஜிபி, இரண்டாவதில் 300 ஜிபி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவுகள் இதைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ கேட்கும். அந்த இடம் வீண். 2007இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட எது எதுவென்று தெரிவிக்காமல் நடத்திய கேட்புச் சோதனையில், உயர்தரப் பதிவை சிடித் தரத்துக்கு இறக்கியபோது கேட்டவர்களால் வேறுபாட்டை அறிய முடியவில்லை. சிடித் தர ஃபிளாக் போதும்.

நிறுவனங்கள் ஜிபியை நூறு கோடி பைட்டாக எண்ணுகின்றன. கணினி பெரும்பாலும் 1024இன் அடுக்குகளில் காட்டுகிறது. 160 ஜிபி கருவி 149 என்று காட்டுவது குறைபாடு அல்ல. வளரும் தொகுப்புக்கு மூன்றில் ஒரு பங்கு இடமாவது மிச்சம் விட்டு வாங்க வேண்டும்.

பட்டியல், இடைவெளி, எழுத்து

வட்டில் இடம் இருந்தும் பாட்டுகளைச் சேர்க்க முடியாமல் போவதுண்டு. தலைப்புகளின் பட்டியலைக் கருவி தன் இயங்கு நினைவகத்தில் ஏற்றுகிறது. அது நிரம்பினால் பிளேயர் திணறும் அல்லது திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும். 2006ஆம் ஆண்டு ஐபாடில் 80 ஜிபி மாதிரிக்கு 64 எம்பியும் 30 ஜிபி மாதிரிக்கு 32 எம்பியும் இந்த நினைவகம் இருந்தது. பிற கருவிகளிலும் அதிகபட்சப் பாட்டு எண்ணிக்கை என்ன என்று கேட்டறிவது நல்லது. கோப்புறை வழியாகவே நேரடியாகத் தேட விடும் பிளேயரில் இந்தச் சிக்கல் குறைவு.

இடைவெளியின்றி ஓட்டும் வசதி கர்நாடக இசை கேட்போருக்கு இன்றியமையாதது. ராகம், தானம், பல்லவி மூன்று கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும் பதிவில், வசதியற்ற பிளேயர் ஒவ்வொரு எல்லையிலும் சிறு மௌனம் போடும். தம்புரா ஒலி அறுந்து மீண்டும் தொடங்கும். எம்பி3 குறியாக்கமே கோப்பின் முனைகளில் சிறிது வெற்றொலியைச் சேர்ப்பதால் இது நேர்கிறது. ஃபிளாக்கில் அந்தச் சேர்க்கை இல்லை. ஒரு மணி நேரப் பதிவைப் பாதியில் நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்தில் தொடரும் வசதியும் வேண்டும்.

தமிழ்த் தலைப்புகளைப் பல பழைய பிளேயர்கள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ காட்டும். யூனிகோடு எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைக் கோக்கும் திறன் இல்லையெனில் ‘தென்றல்’ என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடையில் தமிழ்ப் பெயரிட்ட ஒரு கோப்பை ஏற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. ஆண்ட்ராய்டில் இயங்கும் பிளேயர்களில் இத்தொல்லை பொதுவாக இல்லை.

அட்டையும் உட்சேமிப்பும்

கருவிக்குள்ளேயே பதித்த சேமிப்பைவிட மைக்ரோஎஸ்டி அட்டை போடும் வசதி மேலானது. பிளேயர் கெட்டாலும் தொகுப்பு கையில் நிற்கும். இடம் போதாவிட்டால் அட்டையை மட்டும் மாற்றலாம். கருவி எஸ்டிஎச்சி வகை அட்டை வரைதான் ஏற்குமானால் 32 ஜிபியே அதன் முறையான எல்லை. எஸ்டிஎக்ஸ்சி ஏற்றால் 2 டிபி வரை. சந்தையில் போலி அட்டைகள் மலிந்துள்ளன. 512 ஜிபி என்று கணினிக்குப் பொய் சொல்லும் அட்டைக்குள் சிறிய சில்லு இருக்கும்; அது நிரம்பியபின் எழுதுவதெல்லாம் ஓசையின்றித் தொலையும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச நிரலால் முழு அட்டையையும் எழுதிப் படித்துப் பார்த்துவிட வேண்டும். பழைய ஐபாட் கிளாசிக்கின் வன்தட்டைக் கழற்றிவிட்டு, இணைப்புப் பலகை வழியே ஃபிளாஷ் அட்டைகளைப் பொருத்துவோரும் உண்டு. எடை குறைகிறது, அதிர்ச்சியால் கெடும் உறுப்பு இல்லாமல் போகிறது. ஆனால் பட்டியல் நினைவகத்தின் எல்லை அப்படியே இருக்கும். உப்பிய மின்கலம் உள்ள கருவியை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

இன்றைய நிலை

ஐபாட் வரிசை 2022 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. சோனி வாக்மேன், ஃபியோ, 2012இல் ஐரிவர் தொடங்கிய ஆஸ்டெல் அண்ட் கெர்ன் ஆகியவை அட்டை ஏற்கும் பிளேயர்களை விற்கின்றன. 2023இல் வந்த சோனி என்டபிள்யூ-ஏ306இல் உட்சேமிப்பு 32 ஜிபி, மைக்ரோஎஸ்டி இடமும் உண்டு. இந்தியாவில் சரிகம நிறுவனம் 2017 முதல் விற்கும் கார்வான், பாட்டுகளை ஏற்றியே தரும் ஒலிபெருக்கிப் பெட்டி. தமிழ்ப் பாடல்களுக்கெனத் தனிப் பதிப்பும் உள்ளது.