டிகிரி வாங்கிய காபி

பம்மலிலிருந்து காரைக் கிளப்புகிறீர்கள். பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, தாம்பரம், வண்டலூர் தாண்டி, பரனூர் டோல்கேட்டில் காசைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால்... அடேயப்பா, எத்தனை கும்பகோணம்! 'கும்பகோணம் டிகிரி காபி', 'ஒரிஜினல் கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகைக்குப் பலகை சத்தியம் செய்கிறார்கள். நிஜக் கும்பகோணமோ அங்கிருந்து இன்னும் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

"அந்தப் பக்கம் போனா அந்தக் காபியைக் குடிக்காம வந்துடாதீங்க" என்று மச்சான் முதல் ஆபீஸ் மேனேஜர் வரை சிபாரிசு வேறு. இறங்குகிறீர்கள். பளபளவென்று செம்பு டவரா வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டு வீட்டம்மா உங்களைப் பார்க்க, நீங்கள் பில்லைப் பார்க்க... "நம்ம வீட்டுக் காபியே தேவலைங்க!" பல பேருடைய அனுபவம் இதுதான்.

ஏன் இப்படி? பதில் அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

கும்பகோணத்தில் காபிச் செடி முளைக்காது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி ஞானி ஏமன் நாட்டிலிருந்து ஏழு காபிக் கொட்டைகளை ரகசியமாகக் கொண்டுவந்து விதைத்தார் என்பார்களே, அது சிக்மகளூர் மலையில். கும்பகோணத்தில் இருந்தது காவிரித் தண்ணீர், புல், மாடு. அதாவது, பால்! லட்சுமி விலாஸ் பஞ்சாமி ஐயர் காபியைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்வதும் பாலைப் பற்றித்தான். சொந்த மாடு, கண்ணெதிரே கறந்த பால், தண்ணீர் என்ற பேச்சே கிடையாது.

'டிகிரி' வந்த கதைக்கு இரண்டு மூன்று தகப்பன்கள் உண்டு. சிக்கரி என்ற வார்த்தைதான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆயிற்று என்பது ஒரு கட்சி. (சிக்கரி பிரான்ஸில் பிரபலமானதற்கு ஒரு வகையில் நெப்போலியன் காரணம். 1806-ல் இங்கிலாந்தோடு வியாபாரமே கூடாது என்று அவர் கதவைச் சாத்த, காபிக்கொட்டைக்குப் பஞ்சம் வந்து, மக்கள் சிக்கரி வேரை வறுத்துக் கலக்க ஆரம்பித்தார்கள்.) முதல் டிகாக்‌ஷன்தான் ஃபர்ஸ்ட் டிகிரி என்பது இன்னொரு கட்சி. எனக்குப் பொருத்தமாகப் படுவது மூன்றாவது: லாக்டோமீட்டர்.

கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு கருவி. பாலில் மிதக்க விட்டால் அதன் அடர்த்தியை 'டிகிரி'யாகக் காட்டும். நல்ல பசும்பால் என்றால் ஏறக்குறைய 28-லிருந்து 32. தண்ணீர் கலந்தால் இறங்கிவிடும். ஆகவே டிகிரி பால், டிகிரி காபி. பால்காரரின் யோக்கியதைக்கு ஊர் கொடுத்த சர்டிஃபிகேட்!

ஆனால் அதிலும் ஓட்டை இருந்தது. பாலிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டால் டிகிரி இறங்காது, ஏறும்! அப்புறம் தண்ணீரை ஊற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். கருவி "பாஸ்" என்று சொல்லும், நாக்கு "ஃபெயில்" என்று சொல்லும். சர்டிஃபிகேட்டை நம்பிக் குடித்தவர்கள் ஏமாந்தது நெடுஞ்சாலை வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

பொடியிலும் இதே கதை. இன்றைய உணவுச் சட்டப்படி 'காபி-சிக்கரி கலவை' என்று விற்கும் பொடியில் காபி 51 சதவிகிதம் இருந்தால் போதும். மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம், பாக்கெட்டில் அச்சடித்துவிட்டால் சரி. ஆனால், டவராவில் யார் அச்சடிக்கிறார்கள்? அந்தச் செம்பு டவரா சமாசாரமும் வேடிக்கை. கும்பகோணம் பேர் வாங்கியது பித்தளைப் பாத்திரத்துக்கு. அதையும் ஈயம் பூசித்தான் புழங்குவார்கள், இல்லாவிட்டால் களிம்பு ஏறிவிடும்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் 'குட்வில்' ஞாபகம் வரும். ஒரு பெயர் வருடக்கணக்கில் சேர்த்த மதிப்பு. திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த பிரியாணிக் கடைக்கு, அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பெயராகிப் போனது. பிற்பாடு அந்தப் பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சண்டை நடந்தது. தலைப்பாகைக்குச் சொந்தக்காரர் இருந்தார், கேஸ் போட்டார்கள். கும்பகோணம் என்ற பெயருக்காக யார் கேஸ் போடுவது? ஒரு ஊரே பாலில் தண்ணீர் ஊற்றாமல் சேர்த்த குட்வில்லை, அந்த ஊரைப் பார்த்தே இராதவர்களும் செலவழிக்கலாம்.

சிபாரிசு என்பதே வியாபாரத்தில் பிறந்ததுதான். பிரான்ஸின் மிஷெலின் டயர் கம்பெனி 1900-ல் வாகன ஓட்டிகளுக்காக இலவசமாக ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. ஊர் சுற்றினால்தானே டயர் தேயும், தேய்ந்தால்தானே விற்கும்! 1926-ல் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கவும் ஆரம்பித்தது. மூன்று நட்சத்திரம் என்றால், 'இங்கே சாப்பிடுவதற்காகவே தனியாகப் பயணம் செய்யலாம்' என்று அர்த்தம். ஆனால் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். பரிசோதகர் யாரென்று ஹோட்டலுக்குத் தெரியாது, சாப்பிட்டதற்குத் தன் பில்லைக் கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நம் ராத்திரி பஸ்களில் இந்தப் பரிசோதகர் வேலையை டிரைவர் பார்க்கிறார். "பஸ் பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று இருட்டில் ஒரு மோட்டல் வாசலில் நிறுத்துவார்கள். சுற்றிலும் வேறு கடை இருக்காது. விலை அதிகம், தோசை ஆறிப்போனது என்று பயணிகள் வருடக்கணக்கில் புகார் சொல்லி வருகிறார்கள். அடுத்த தடவை இறங்கும்போது, டிரைவரும் கண்டக்டரும் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் கவனியுங்கள். அநேகமாக அந்த மேஜைக்குப் பில் வராது.