கிராக்கோவின் பழைய நகரம்: வரைந்ததும் இடித்ததும்

போலந்தின் தெற்கே, விஸ்துலா ஆற்றங்கரையில் உள்ள கிராக்கோவின் பழைய நகரம் இடைக்காலத்திலிருந்து மாறாமல் நிற்பதாகத் தோன்றினாலும், இன்று காணப்படும் அதன் உருவம் 13ஆம் நூற்றாண்டின் நகரத் திட்டமும் 19ஆம் நூற்றாண்டின் இடிப்பு வேலைகளும் சேர்ந்து தந்ததாகும்.

1241இல் மங்கோலியப் படையெடுப்பில் பாழான நகருக்கு, 1257இல் இளவரசர் போலெஸ்வாவ் மாக்டெபர்க் சட்டத்தை, அதாவது நகரத்தாருக்குத் தன்னாட்சி வழங்கிய ஜெர்மானிய நகர உரிமை முறையை, வழங்கினார். அப்போது பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் நீளமுள்ள சதுக்கமும், அதிலிருந்து செங்கோணத்தில் பிரியும் தெருக்களும் அளந்து அமைக்கப்பட்டன. இந்த ஒழுங்குக்குள் அடங்காதவையே வரலாற்று மாணவருக்கு மிகுந்த பயன் தருபவை: புனித மரியாள் ஆலயம் சதுக்கத்தின் விளிம்புக்கு இணையாக இல்லாமல் சாய்வாக நிற்பதும், வாவெல் அரண்மனைக் குன்றை நோக்கும் குரோட்ஸ்கா தெரு சதுக்கத்தின் மூலையில் புனல்போல் விரிவதும் 1257க்கு முந்தைய குடியிருப்பின் தடங்கள். சதுக்கத்திலுள்ள சிறிய புனித அடால்பர்ட் ஆலயத்தின் பழைய தரை இன்றைய தளத்துக்குக் கீழே கிடப்பது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்ணும் குப்பையும் நிலத்தை எவ்வளவு உயர்த்தின என்பதைக் காட்டுகிறது.

சதுக்கத்தின் நடுவிலுள்ள சுக்கியென்னித்செ என்னும் துணி வணிக மண்டபம் 1555இல் தீக்கிரையானபின் மறுமலர்ச்சிப் பாணியில் மீண்டும் எழுந்தது. ஆனால் இருபுறமும் காணப்படும் வளைவுத் தாழ்வாரங்கள் 1870களில் நடந்த புதுப்பிப்பில் சேர்க்கப்பட்டவை என்பதைப் பயணிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அருகில் தனித்து நிற்கும் கோபுரம், 1820இல் இடிக்கப்பட்ட நகர மன்றக் கட்டடத்தின் எச்சம்.

அதே காலத்தில் நகர மதிலும் இடிக்கப்பட்டு, அது நின்ற இடத்தில் பிளாந்தி என்னும் வளையப் பூங்கா அமைந்தது. துருக்கியப் படையெடுப்பை அஞ்சி 1498–99இல் கட்டப்பட்ட பார்பிகன் என்னும் வட்டவடிவ வெளிக்கோட்டையும், அதன் பின்னுள்ள புளோரியன் வாயிலும் தப்பியதற்குப் பேராசிரியர் பெலிக்ஸ் ராத்வான்ஸ்கியின் வாதாட்டமே காரணம். இவற்றை அகற்றினால் வடக்குக் காற்று தடையின்றி நகருக்குள் புகுந்து மக்களை நோயில் தள்ளும் என்று அவர் வாதிட்டதாகக் கூறப்படுகிறது. தொன்மையின் பெருமையைச் சொல்லி வென்றிருக்க முடியாத காலத்தில் உடல்நலத்தைச் சொன்னது கெட்டிக்காரத்தனம்தான்.