மாட்டின் பல்லும் தோட்டப்புற வரலாறும்

கேமரன் மலையை 1885-இல் வில்லியம் கேமரன் அளவையிட்டார். 1929-இல் ரஸ்ஸல் அங்கு போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தோட்டத் தமிழர் வரலாற்றை ஆவணங்களிலும் வாய்மொழியிலும் தேடும் நாம், மண்ணுக்குள் தேடுவது அரிது. தேடினாலும் எலும்பு கிடைப்பது ஐயமே. தேயிலை விரும்பும் புளிப்பு மண் எலும்பைக் கரைத்துவிடும். பேராக் மனிதனின் எலும்புக்கூடு எஞ்சியதற்கு லெங்கோங் பகுதியின் சுண்ணாம்புக் குகையே காரணம். கேமரன் மலையோ கருங்கல் மலை. இத்தகைய மண்ணிலும் ஓரளவு தாக்குப்பிடிக்க வல்லது பல்லின் மேற்பூச்சாகிய எனாமல்.

பல்லைக் கொண்டு மாட்டின் வயதைக் கணிப்பது தொல்லியலார் கண்டுபிடித்த கலையன்று. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுமுன் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவர்களின் அறிவு அது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இணையிணையாக முளைப்பதை இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை முளைத்தது என வழங்கினர். முதல் இணை ஏறத்தாழ இரண்டு வயதிலும் கடைசி இணை நான்கு வயதை ஒட்டியும் முளைக்கும்.

ஆயினும், ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள் புதைந்த தாடையிலிருந்து எளிதில் கழன்றுவிடும். எனவே தொல்லியலார் கடைவாய்ப் பற்களையே நம்புவர். அவற்றுள் முதலாவது ஏறத்தாழ 6 மாதத்திலும், இரண்டாவது 15 முதல் 18 மாதத்திலும், மூன்றாவது 24 முதல் 30 மாதத்திலும் வெளிவரும். அதன்பின் தேய்மானமே அளவுகோல். எனாமல் தேய உள்ளிருக்கும் தந்தினி வெளிப்படும் வடிவங்களை ஆன்னி கிராண்ட் 1982-இல் படிநிலைகளாக வகுத்தார்.

வயது தெரிந்தால் மாட்டை எதற்காக வளர்த்தனர் என்பது புலனாகும். இளங்காளைகள் மிகுதியாக மடிந்திருப்பின் பாலோ இறைச்சியோ நோக்கம். முதிர்ந்த தாடைகள் மிகுந்திருப்பின் உழவும் வண்டியும் நினைவுக்கு வரவேண்டும். கீழடி எலும்புகளைப் பற்றிய 2019 அறிக்கையில் எருது, பசு, எருமை, ஆடு ஆகியவை பேசப்பட்ட அளவுக்கு அவற்றின் வயது பேசப்படவில்லை. இனப்பெயரோடு நிற்பது பாதி வரலாறே என்பது நம் கருத்து.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பெருவழக்கிலுள்ள அளவுகோல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மாடுகளை வைத்து அமைந்தவை. திமில் கொண்ட நம் மாடுகளுக்கும், மணல் ஒட்டிய புல்லை மேய்ந்த பற்களுக்கும் அவற்றை அப்படியே பொருத்துதல் ஆகாது. வயது அறியப்பட்ட தாடைகள் வேண்டும். கன்று பிறந்த நாளைப் பொங்கலையோ தீமிதித் திருவிழாவையோ வைத்துச் சொல்லும் முதியோர் தோட்டங்களில் அருகி வருகின்றனர். அவர்கள் வளர்த்த மாடு இறக்கும்போது அதன் கீழ்த்தாடையைக் கேட்டுப் பெற்று, பிறந்த காலம், இறந்த நாள், மேய்ந்த இடம், உடையவர் சொன்ன பல்கணக்கு ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் பணியை நம் மாணவர் இப்போதே தொடங்கலாம்.